காட்சியில் இடம்பெறும் நிறுவனமே காசும் தரலாமா?

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம், லண்டன்: அறங்காவலர் குழுவுக்கும் இயக்குநருக்கும்

ஒரு ஃபேஷன் நிறுவனத்தின் ஆடைகளைக் காட்சிக்கு வைக்கும்போது அந்த நிறுவனத்திடமே பணம் வாங்கும் வழக்கத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதக் காரணம், இதில் பேசப்படும் வேலையைச் செய்கிறவர்களில் பலர் தமிழ் படிக்கிறவர்கள். தங்கள் சார்பில் ஒருத்தி என்ன கேட்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

சென்னைக்கு வெளியே, ஏற்றுமதிக்கு எம்பிராய்டரி செய்யும் ஒரு பட்டறையில் ஆரி ஊசி பிடித்து, பிறகு அங்கேயே மேற்பார்வை பார்த்தவள் நான். இப்போது கிழக்கு லண்டனில் குடியிருக்கிறேன். உங்கள் இந்தியத் துணிகளைப் பார்க்க அடிக்கடி வருகிறேன். ஆகவே இது வெளியாள் போடும் சத்தமாக உங்களுக்குப் படக் கூடாது.

நடந்ததை முதலில் வரிசையாக வைக்கிறேன். 2019-ல் டியோர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனத்தைப் பற்றிக் கண்காட்சி நடத்தினீர்கள். ஏறக்குறைய 6 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆடைகளில் பெரும் பகுதி டியோரின் சொந்தச் சேமிப்பிலிருந்து வந்தது. பணம் கொடுத்த ஸ்வரோவ்ஸ்கி, 1950-களிலிருந்தே டியோருக்குப் படிகக்கல் செய்து கொடுத்த நிறுவனம். 2022-ல் ஆண்களின் உடை பற்றிய காட்சியைக் கூச்சி என்ற இத்தாலிய ஃபேஷன் நிறுவனத்துடன் கூட்டாக நடத்தினீர்கள். கூச்சியின் உடைகளும் அந்தக் காட்சியில் நின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கி 2024 மார்ச் வரை, ஷனெல் நிறுவனத்தைத் தொடங்கிய கேப்ரியல் ஷனெல் பற்றிய காட்சி. ஆதரவு தந்தது ஷனெல் நிறுவனம். பாரிஸில் அதை முதலில் நடத்திய காலியெரா அருங்காட்சியகத்தின் புதிய நிலவறைக் கூடங்களுக்கும் ஷனெல்தான் செலவு செய்தது. அந்தக் கூடங்கள் இன்று கேப்ரியல் ஷனெல் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

உங்கள் ஆய்வாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஷனெல் காட்சியில், போர்க்காலத்தில் அவருக்கு நாஜிகளோடு இருந்த தொடர்பைக் காட்டும் ஆவணங்களையும், பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் அவர் பெயர் பதிவானதைக் காட்டும் ஆவணங்களையும் அருகருகே வைத்தார்கள். வாசனைத் திரவிய நிறுவனத்தில் தன் கூட்டாளிகளான வெர்தைமர் குடும்பம் யூதர்கள் என்பதைக் காட்டி, 1941-ல் அதைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ள முயன்றவர் அவர். இன்று ஷனெல் முழுவதும் அதே வெர்தைமர் குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஆகவே நிறுவனரின் பழைய பாவத்தைப் பேசுவது இன்றைய முதலாளிகளுக்கு அவ்வளவாக வலிக்காது. வலிக்கும் இடம் வேறு. இன்றைக்கு விற்கும் பொருளை இன்றைக்கு யார் செய்கிறார்கள், என்ன கூலிக்குச் செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் வலிக்கும்.

ஸ்பான்சர் யாரும் உங்களிடம் வந்து இதை எழுதாதே, அதை மறை என்று சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வராது. கல்யாண வீட்டில் பந்தி போடுகிறவரைக் கூப்பிட்டு, சாம்பாரில் உப்பில்லை என்று எந்த விருந்தாளி சொல்வார்?

என் பட்டறையில் வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். இதில் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசைன் ட்ரேசிங் தாளில் வரும். கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போடுவோம். தாளைத் துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் கோடு துணியில் இறங்கும். துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டியதும் சுற்றி ஆட்கள் உட்காருவார்கள். மேல் கை ஆரி ஊசியைக் குத்தும், கீழ்க் கை நூலை எடுத்துக் கொடுக்கும். முதலில் போவது சாம்பிள், உள்ளங்கை அகலத் துண்டு. அது ஆர்டர் கொடுத்த கம்பெனிக்குப் போய்த் திரும்பி வரும். மணி இன்னும் சின்னதாக வேண்டும், நூலின் நிறம் ஒரு படி தணிய வேண்டும், இந்த வளைவில் ஜமுக்கி சாய்கிறது, அது நிமிர்ந்து நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப இப்படி.

அந்த ஜமுக்கி சாயாமல் நிற்க எங்கள் மூத்த கைக்காரர் ஒருவர் ஒரு தையல் கண்டுபிடித்தார். வந்த டிசைனில் அது இல்லை. ஒவ்வொரு ஜமுக்கிக்கும் பின்னால் ஒரு குட்டி முடிச்சு, அதில் சாய்ந்து அது நிற்கும். சாம்பிள் போனது, உடனே ஓகே ஆனது. அடுத்த சீசனுக்கு வந்த தாளில் அந்த முடிச்சு அவர்கள் டிசைனாகவே வரையப்பட்டு, எப்படிப் போட வேண்டும் என்ற குறிப்போடு எங்களுக்கே வந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜாப் கார்டில் எண் மட்டும்தான் இருக்கும், கம்பெனி பெயர் இருக்காது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மிஞ்சிய சாம்பிளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாம் செய்தது எங்கே போகிறது, எந்த மேடையில் யார் உடம்பில் நடக்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பாரிஸில் ஃபேஷன் வாரம் நெருங்கினால் எங்களுக்கு ராத்திரி வேலை. பீஸ் ரேட் என்பதால், திருத்தம் என்று திரும்பி வந்த துண்டைப் பிரித்து மறுபடி போடுகிற நேரம் யார் கணக்கிலும் ஏறாது. வயது கூடிக் கண் மங்கியவர்கள் சத்தமில்லாமல் வேலையை விட்டுப் போவார்கள். அவர்களுக்கு அந்தப் பட்டறையும் பெரிய கம்பெனியும் கொடுத்தது ஒன்றுமில்லை.

இது நான் வேலை பார்த்த ஓர் இடத்தின் கதை. எல்லாப் பட்டறையும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், முறையாக நடத்துகிறவர்களும் உண்டு. பாரிஸின் புகழ்பெற்ற எம்பிராய்டரி குடும்பமான லெசாஜின் வாரிசு ஒருவர் 1990-களிலேயே சென்னையில் நிறுவனம் தொடங்கினார். நான் இருந்தது அங்கே இல்லை. லெசாஜ் என்ற பெயர் ஃபேஷன் வரலாற்றில் ஏறிவிட்டது, 2002-ல் ஷனெல் அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. பாரிஸ் பட்டறைக்குப் பெயர் உண்டு. அதே வேலையைச் செய்யும் எங்கள் ஊர்ப் பட்டறைக்கு ஓர் எண்தான்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு பொருளை மாற்றியமைக்கும் கடைசி முக்கியமான வேலை எந்த நாட்டில் நடக்கிறதோ, அந்த நாட்டின் பொருளாகவே ஐரோப்பியச் சுங்கச் சட்டம் அதைப் பார்க்கிறது. சட்டையின் முழு எம்பிராய்டரியும் இந்தியாவில் முடிந்து, வெட்டித் தைப்பது பிரான்ஸில் என்றால் சட்டை லேபிளில் பிரான்ஸ் என்றே போடலாம். கடைக்காரர் அந்த லேபிளோடு நின்றுகொள்ளட்டும், அது அவர் வியாபாரம். அருங்காட்சியகமும் அதே லேபிளைப் பார்த்து எழுதினால் அதற்கு ஆய்வாளர் எதற்கு?

ஐரோப்பாவுக்குள்ளேயே நிலைமை என்ன என்பதை மிலான் நீதிமன்றம் காட்டியது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் நடந்த தொழிலாளர் சுரண்டலைத் தடுக்கவில்லை என்று, 2024 ஜூனில் டியோரின் இத்தாலிய உற்பத்திக் கிளை ஒன்றை அது நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. சுமார் 2,600 யூரோவுக்கு விற்ற கைப்பையைத் தைத்துச் சேர்க்க, தோல் போன்ற மூலப்பொருள் நீங்கலாக, துணை ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்தது 53 யூரோ என்று விசாரணை ஆவணங்கள் சொல்லின. டியோர் மீது குற்ற வழக்கு இல்லை. அந்த ஒப்பந்தக்காரர்களுக்கு ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவிட்டதாகவும் அது சொன்னது. 2025 தொடக்கத்தில் மேற்பார்வையும் நீக்கப்பட்டது. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆனால் நடந்தது மிலானில், நீதிபதி கேட்கிற தூரத்தில். சென்னைக்கு வெளியே ஒரு சந்தில் நடந்தால் யார் கேட்பார்கள்?

பெயர் சொன்னால் குடி மூழ்கிவிடாது என்பதற்கும் அதே டியோர்தான் சாட்சி. 2023 மார்ச் 30 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் தன் ஆடைத் தொகுப்பைக் காட்டியபோது, அதில் கைவேலை செய்த மும்பையின் சாணக்யா பட்டறையைப் பெயர் சொல்லிப் பெருமைப்படுத்தியது. கைவினை தனக்கு விளம்பரமாகும் இடத்தில் நிறுவனம் பெயர் சொல்கிறது. 2025 ஜூனில் பிராடா மிலானில் கோலாப்பூர் செருப்பை ஒத்த செருப்பைக் காட்டியதும் நினைவிருக்கும். முதலில் அந்த ஊரைப் பற்றிப் பேச்சே இல்லை, மகாராஷ்டிரத்தில் எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஒப்புக்கொண்டது. கேட்டால் கிடைக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், ஆனால் கேட்கப்பட வேண்டியவரிடம் காசு வாங்கிக்கொண்டு இருக்கிறீர்கள்.

எங்கள் துணி சம்பந்தமாக உங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1866-ல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தின் துணிகளிலிருந்து 700 துண்டுகளை வெட்டி, 18 தொகுதிகளாக ஒட்டினார். அப்படி 20 செட். 13 பிரிட்டனில் தங்கின, 7 இந்தியாவுக்குப் போயின. இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பார்த்து, பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் அதே மாதிரி செய்து அவர்களுக்கே விற்கட்டும் என்பது நோக்கம். 1879-ல் அந்த மியூசியம் கலைக்கப்பட்டபோது அதன் சேகரிப்பில் பெரும் பகுதி உங்களிடம் வந்தது. சோழமண்டலக் கரையில் கலம் என்னும் மூங்கில் பேனா பிடித்து வரைந்து, சாயவேரில் சிவப்பேற்றிய பழைய துணிகள் உங்களிடம் ஏராளம். அவற்றை வரைந்தவர்களின் பெயர் போய்விட்டது. அன்று யாரும் எழுதி வைக்கவில்லை, இனி எந்த ஆய்வாளராலும் மீட்க முடியாது. இன்று அப்படிச் சொல்ல வழியில்லை. சம்பளப் பதிவேடு இருக்கிறது, ஜாப் கார்டு இருக்கிறது, ஏற்றுமதி ரசீது இருக்கிறது. ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

2025 மே மாதம் கிழக்கு லண்டனில் நீங்கள் திறந்த சேமிப்பகத்தை மனம் விட்டுப் பாராட்டுகிறேன். யார் வேண்டுமானாலும் முன்பதிவு செய்து ஒரு பொருளைக் கேட்டுப் பக்கத்தில் பார்க்கலாம் என்பது பெரிய விஷயம். எங்களைப் போன்றவர்கள் எம்பிராய்டரியின் முன்பக்கத்தைப் பார்ப்பதே குறைவு, பின்பக்கத்தைத்தான் பார்ப்போம். பிரான்ஸின் லூனேவில் முறையில் மணி கோக்கிறவர்கள் துணியின் பின்பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக் குத்துவார்கள், ஆகவே சங்கிலித் தையல் பின்னால் விழும். எங்கள் ஆரியில் மணியை ஊசியில் ஏற்றி முன்பக்கத்திலிருந்தே குத்துவோம், பின்னால் நூல் ஒற்றைக் கோடாக ஓடும். இரண்டு முறையையும் தெரிந்தவர்கள் இரண்டு நாட்டிலும் உண்டு என்றாலும், பழகிய கண் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். கண்காட்சியில் உடை கண்ணாடிக்குள் நிற்கும், முகம் மட்டும் தெரியும். பின்பக்கம் சொல்வதைப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டைதான் சொல்ல வேண்டும்.

சரி, பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் நிரந்தரக் காட்சிக் கூடங்களைக் காசு வாங்காமல் திறந்து வைத்திருக்கிறீர்கள், அரசு தருவது போதாது, பெரிய கண்காட்சிக்குச் செலவு அதிகம். ஆனால் ஃபேஷன் காட்சிகளுக்கு நீங்கள் தனிச் சீட்டு விற்கிறீர்கள், கூட்டமும் திரள்கிறது. ஆடையோடு தொடர்பில்லாத வங்கியிடமோ அறக்கட்டளையிடமோ பணம் கேட்டால் கிடைக்காத அளவுக்கு உங்கள் பெயர் மங்கிவிடவில்லை. கொஞ்சம் குறைவாகக் கிடைக்கலாம். அந்தக் குறைவுதான் சுதந்திரத்தின் விலை என்றால் அதைக் கட்டுங்கள்.

மற்ற ஊர்களில் இது எப்படி முடிந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2000-ல் நியூயார்க் குகன்ஹைம் ஜியோர்ஜியோ அர்மானிக்குக் காட்சி வைத்தது. அதையொட்டி அவர் 15 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. அருங்காட்சியகம் இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது, ஆனால் இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதே ஆண்டு மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் திட்டமிட்டிருந்த ஷனெல் காட்சியைக் கைவிட்டது. காட்சி எப்படி இருக்க வேண்டும் என்பதில் நிறுவனத்தின் வடிவமைப்பாளரோடு ஒத்துப்போகவில்லை. அப்போது நிமிர்ந்து நின்ற அதே மெட்ரோபாலிடன், 2005-ல் ஷனெலின் பணத்திலேயே ஷனெல் காட்சியை நடத்தியது. ஐந்து வருஷம் தாங்கிய முதுகெலும்பு.

நீங்கள் மாறக்கூடியவர்கள் என்று நம்பக் காரணம் இருக்கிறது. அடிமைப்படுத்தும் வலிநிவாரணி மருந்தை விற்றதற்காகப் பழி சுமக்கும் சாக்லர் குடும்பத்தின் பெயர் தாங்கிய முற்றத்தை 2017-ல் திறந்தீர்கள். 2019-ல் புகைப்படக் கலைஞர் நேன் கோல்டினும் (Nan Goldin) தோழர்களும் அங்கே வந்து போராடினார்கள். 2022 அக்டோபரில் அந்தப் பெயரை இறக்கினீர்கள். தாமதம்தான், ஆனால் செய்தீர்கள். எங்களுக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. 2015-ல் இந்தியத் துணிகளுக்கென்றே நீங்கள் நடத்திய கண்காட்சியில் நன்றி சொல்லப்பட்ட ஆதரவாளர்களில் நீரவ் மோடி நகை நிறுவனமும் ஒன்று. 2018-ல் அதன் உரிமையாளர் மீது பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடிக் குற்றச்சாட்டு எழுந்தது. 2019 மார்ச்சில் அவர் இதே லண்டனில் கைதானார். 2015-ல் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் பருத்தி நூற்றவரையும் சாயம் போட்டவரையும் கொண்டாடிய காட்சியின் சுவரில் யாருக்கு நன்றி எழுதினோம் என்பதை நீங்கள் ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டும். ஆதரவு தருகிறவரின் அறமும் அருங்காட்சியகத்தின் அறமும் ஒத்துப்போக வேண்டும் என்று பிரிட்டனின் அருங்காட்சியகச் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது.

என் கோரிக்கைகள்:

உயிரோடு வியாபாரம் செய்துகொண்டிருக்கும் ஒரு ஃபேஷன் நிறுவனத்தின் பொருட்கள் முக்கிய இடம் பெறும் எந்தக் காட்சிக்கும் அந்த நிறுவனத்திடமோ, அதன் தாய்க் குழுமத்திடமோ, அதற்குப் பெரிய அளவில் சரக்குக் கொடுப்பவரிடமோ பணம் வாங்குவதில்லை என்று எழுத்தில் கொள்கை வகுத்து அறிவியுங்கள். ஆடைகளைக் கடனாக வாங்கலாம், அதில் தவறில்லை. யாரிடம் வாங்கினீர்கள் என்று ஒவ்வொரு அட்டையிலும் தெளிவாகப் போடுங்கள்.

இதுவரை நடந்த ஃபேஷன் காட்சிகளின் ஸ்பான்சர் ஒப்பந்தங்களை வெளியிடுங்கள். எவ்வளவு பணம், சுவரில் எழுதியதையும் நூலில் அச்சிட்டதையும் முன்கூட்டிப் பார்க்கும் உரிமை யாருக்கு இருந்தது, கடையில் என்ன விற்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள், திறப்பு விழா அழைப்பில் நிறுவனத்துக்கு எத்தனை இடம். நீங்கள் தகவல் அறியும் சட்டத்துக்கு உட்பட்ட பொது நிறுவனம். வணிக ரகசியம் என்று விலக்குக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கலாம். அந்த வழியில் போகாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எம்பிராய்டரி, நெசவு, சாயம், மணி வேலை: இவற்றில் எது எந்தப் பட்டறையில், எந்த ஊரில் நடந்தது என்று கடன் தரும் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். கிடைத்த பதிலை அட்டையில் போடுங்கள். பதில் சொல்ல மறுத்தால், ‘நிறுவனம் தெரிவிக்கவில்லை’ என்ற வரியைப் போடுங்கள். இந்த ஒரு வரிக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்பு வைக்கிறேன்.

ஸ்பான்சர்களை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடத்தில், இன்றும் ஊசி பிடிக்கிற, தறியில் உட்காருகிற ஒருவரையாவது வாக்குரிமையோடு உட்கார வையுங்கள். ஆலோசகர் என்று பட்டம் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பது வேண்டாம். அவர் வந்து போகும் செலவையும் இழக்கும் கூலியையும் நீங்கள் கொடுங்கள்.

இந்த நான்குக்கும் உங்கள் அடுத்த அறங்காவலர் கூட்டம் முடிந்ததும் பதில் எதிர்பார்க்கிறேன். எனக்குத் தனிக் கடிதம் வேண்டாம். உங்கள் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கப் போடுங்கள், ஆங்கிலத்தோடு தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும்.

இப்படிக்கு,
முன்னாள் ஆரி வேலைக்காரி ஒருத்தி,
கிழக்கு லண்டன்